தலைக்கு மேலே அடுப்பு எதற்கு?

மூல வைகை ஓடும் வருசநாட்டில், கூரை வீட்டில் வசிப்பவர்களின் ஆசை என்ன? ஒழுகாத, தீப்பிடிக்காத காங்கிரீட் வீடு! நியாயமான ஆசைதான்.

தமிழக அரசு 2024-ல் தொடங்கிய "கலைஞரின் கனவு இல்லம்" திட்டம் அதற்கு வழி செய்தது. வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம். உதவித் தொகை ரூ.3½ லட்சம்.

ஆனால், வெறும் காங்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும். இரவில் அதைக் கீழே கக்கும். கைக்குழந்தையும் கிழவியும் புழுங்கித் தவிப்பார்கள். பழைய கூரையில் அந்தத் தொல்லை இல்லை. ஓலைக்கு நடுவே நின்ற காற்று வெப்பத்தைத் தடுத்தது.

இப்போது எது நல்லது? உள்ளே தட்டி கட்டுவதா, மேலே பூசுவதா?

மேலே பூசுவதே மேல்! உள்ளே எதைக் கட்டினாலும் தளம் காயத்தான் செய்யும். வெயிலை வெளியிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். கையில் காசு குறைவா? தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். மழையில் கரையும், கோடைதோறும் மறுபடி அடிக்க வேண்டும். கொஞ்சம் வசதி உண்டா? செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, தட்டோடு பதிக்கலாம்.

வீட்டுக்குக் கணக்குப் போடும்போதே இந்தச் செலவையும் சேர்ப்பதுதான் முறை. ஏழைக்கு வீடு என்றால் நான்கு சுவரும் தளமும் மட்டுமா? நிம்மதியான உறக்கமும் அல்லவா!