வாய்ச்சொல் போதுமா?

குறிஞ்சிப்பிட்டி மணலில் வெறுங்காலுடன் பந்துதைத்துத் தேறிய சிறுவனை நகரத்துப் பெரும் பாடசாலையொன்று அழைக்கிறது. விடுதி இலவசம், புலமைப்பரிசில் உண்டு, புதுச் சப்பாத்தும் உண்டு என்றால் ஏழைத் தகப்பன் எவ்வாறு மறுப்பான்? மறுக்கவேண்டுமென்று நாமும் கூறவில்லை. பிள்ளை முன்னேறும் வழியை அடைப்பது நியாயமன்று.

ஆனால், அவ்வாக்குறுதி எழுத்தில் உண்டா? முழங்கால் முறிந்தால் விடுதி நிலைக்குமா? அணியில் இடமிழந்தால் படிப்புத் தொடருமா? வாய்ச்சொல்லை வழக்குமன்றத்தில் நிலைநாட்டுவது எளிதன்று.

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு வழக்கில், வீரருக்கு நேரே பணம் வழங்கவும், அந்நாட்டு உதைபந்தாட்ட அணிகளை 105 பேருக்குள் அடக்கவும் இணக்கம் காணப்பட்டது. அவ்வரம்பினால் இடமிழக்கும் மாணவருக்குப் பாதுகாப்புச் செய்யுமாறு நீதிபதி வற்புறுத்தினார். அது செய்யப்பட்ட பின்னரே, 2025 யூனில், இறுதி ஒப்புதல் அளித்தார். கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்திலேயே கைவிடப்படுவோனைச் சட்டம் நினைத்தது. நம் சிறுவனை நினைப்பார் யார்?

1945 முதல் இலவசக் கல்வி கண்ட நாடு இது. இங்கே கல்வி, கால்வலிமைக்குத் தரும் கூலியாகலாமா? விளையாட்டுக்காகச் சேர்க்கப்படும் மாணவன், காயமுற்றாலும் உயர்தரப் பரீட்சைவரை பாடசாலையில் இருப்பான் என்ற எழுத்துறுதியைக் கல்வியமைச்சு கட்டாயமாக்க வேண்டும்.

பெற்றோரே! கிணற்றுநீர் இறைத்து விளைவித்த வெங்காயத்தை விலைபேசாமல் லொறியில் ஏற்றுவீர்களா? பெற்ற மகனை மட்டும் எழுத்துக் கேளாமல் அனுப்பலாமா?