கரிசலுக்குப் போன வள்ளூர் செட்

டூர்னா என்ன பாஸ்? ஊட்டி, கொடைக்கானல், பஸ்ல குத்துப்பாட்டு. எங்க வள்ளூர் செட் இந்தத் தடவை ரூட்டை மாத்திடுச்சு. எழுத்தாளர் கி.ராஜநாராயணன் பொறந்த இடைசெவல்! நைட் ட்ரெயின்ல ஏறினா விடிகாலைல கோவில்பட்டி. அங்கிருந்து திருநெல்வேலி ரோட்டுல பஸ். அன்னிக்கு ராத்திரியே ரிட்டர்ன். பையில கடலைமிட்டாய் கட்டாயம்!

இடைசெவல் சின்ன கிராமம்தான். ஆனா, சாகித்ய அகாடமி விருது ரெண்டு! 1970-ல கு.அழகிரிசாமிக்கு ‘அன்பளிப்பு’ சிறுகதைத் தொகுப்புக்காக. 1991-ல கி.ரா.வுக்கு ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக. ரெண்டு பேரும் சின்ன வயசுலேர்ந்தே ஃப்ரெண்ட்ஸ். நம்ம செட்டுல அரியர் இல்லாத ரெண்டு பேரைத் தேடினாலே கிடைக்க மாட்டாங்க!

கி.ரா. காலேஜ்ல படிக்காத விவசாயி. அவரைத்தான் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியரா கூப்பிட்டுச்சு. 2021 மே 17-ல புதுச்சேரில இறந்தப்போ, இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோட அடக்கம் செஞ்சாங்க. கோவில்பட்டில 2022-ல மணிமண்டபமும் திறந்தாச்சு.

கதை எழுதினதோட அவர் நிறுத்தலை. கரிசக்காட்டு ஜனங்க பேசுற வார்த்தைகளை நண்பர்களோட சேர்ந்து தொகுத்து, 1982-ல சொல்லகராதியாவே போட்டுட்டார். அந்தப் பக்கம் ‘சம்சாரி’ன்னா குடும்பஸ்தன் இல்லை பாஸ், விவசாயி!

அங்க மண்ணு கறுப்பு. நம்ம பக்கம் லாரி போற ரோட்டுல நடந்தா சட்டை கறுப்பு! வள்ளூர்னா வெளியூர்க்காரங்களுக்கு 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம்தான் ஞாபகம் வருது. ஆனா, நம்மகிட்டயும் வார்த்தை இருக்கு. எண்ணூர்ப் பக்கம் ‘தொழிலுக்குப் போறேன்’னா கடலுக்குப் போறேன்னு அர்த்தம். பழவேற்காடு ஏரியில யார், எங்கே, எந்த நாள் வலை போடறதுன்னு முறை வெச்சுப் பிரிச்சுக்கறதுக்குப் பேர் ‘பாடு’. காத்துக்குக்கூட வாடை, கொண்டல், கச்சான்னு தனித்தனிப் பேரு.

கழிமுகத்துல சாம்பல் படிஞ்சு, மீன் குறைஞ்சு, பசங்க கம்பெனி வேலைக்குப் போயிட்டா, இதையெல்லாம் யார் சொல்லுவாங்க? வலை போடாத வீட்டுல ‘பாடு’ங்கிற வார்த்தைக்கு வேலையே இல்லையே!

அதனால ஃப்ரெண்ட்ஸ், நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க. உங்க ஆயாகிட்ட, தொழிலுக்குப் போற மாமாகிட்ட உட்காருங்க. வார்த்தை, அர்த்தம், சொன்னவங்க ஊர், தேதி... நாலே காலம் போதும். வாரத்துக்குப் பத்து வார்த்தை. ஸ்டார்ட் மியூசிக்!