காடு என்றால் எந்தக் காடு?

மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழர்கள் கூடும் இடங்களில், பையனின் வேலை, பெண்ணின் கல்யாணம் இவற்றுக்கு அடுத்தபடியாக அடிபடும் பேச்சு ‘கர்ஜத் பக்கம் ஒரு இடம்’. தாராவியில் வியாபாரம் செய்து நாலு காசு பார்த்தவர்களும் இதற்கு விலக்கல்ல. தாதரில் லோக்கல் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் மலை, ஓடை, மரங்கள். ஒற்றை அறையில் முப்பது வருடம் ஓட்டியவருக்கு ‘காட்டுக்குள் சொந்த வீடு’ என்ற விளம்பரம் மயக்கம் தருவதில் என்ன ஆச்சரியம்?

எனக்கு அந்தக் ‘காடு’ என்ற சொல்தான் இடிக்கிறது. மொழிபெயர்ப்பு வேலையின் வியாதி. கோவில்பட்டிக்காரர் ‘காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்றால் பருத்தி விளையும் கரிசல் நிலத்துக்குப் போகிறார் என்று பொருள். புலியைப் பார்க்க அல்ல. சட்டத்துக்கு இந்த நயமெல்லாம் தெரியாது. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அகராதிப் பொருளில் எது காடோ அது காடு, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது பொருட்டல்ல. மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அங்கே வேறு வேலை எதுவும் கூடாது. வழக்குப் போட்டவர் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு. வழக்கு முளைத்த இடம் நம் நீலகிரியின் கூடலூர். 2023-ல் வந்த திருத்தச் சட்டம் இந்த விளக்கத்தைச் சுருக்கப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு, பழைய அகராதிப் பொருளையே கடைப்பிடிக்கச் சொன்னது.

இதெல்லாம் கூடலூர் சமாச்சாரம், நமக்கென்ன என்பவர்கள் முலுண்ட் வரை போய் வரலாம். மகாராஷ்டிர அரசு 1975-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, தனியார் காடுகள் அனைத்தும் அரசுக்கே சொந்தம் என்று அறிவித்தது. எவை தனியார் காடுகள்? 1950-களில் வனத்துறை நோட்டீஸ் அனுப்பிய நிலங்களும் அந்தப் பட்டியலில் அடக்கம். நோட்டீஸ் கோப்பில் தூங்கியது. அதே நிலத்தில் அரசின் பிற இலாகாக்கள் அனுமதி தர, அடுக்குமாடிகள் எழுந்தன. ஆயிரக்கணக்கானோர் கடன் வாங்கிக் குடியேறினார்கள். பிறகு ஒரு நாள், நீங்கள் வசிப்பது காட்டில் என்று தகவல் வந்தது! மும்பை உயர் நீதிமன்றம் 2008-ல் அரசு பக்கம் தீர்ப்பளித்தது. வெறும் நோட்டீஸை வைத்து இத்தனை காலத்துக்குப் பிறகு நிலத்தைக் காடாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரியில் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. முலுண்டில் எண்ணிக்கை பலம் இருந்தது, பெரிய கட்டுமானக் கம்பெனிகளும் உடன் நின்றன. கர்ஜத் ஓடைக்கரையில் தனியாக வீடு கட்டும் ரிடையர்டு குமாஸ்தாவுக்கு யார் இருக்கிறார்கள்?

அட்வான்ஸ் கொடுக்குமுன் ‘சாத்-பாரா’ எனப்படும் 7/12 பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். மராத்தி தெரியாவிட்டால் தெரிந்தவரை வைத்துப் படியுங்கள். ஏஜெண்ட் சொல்லும் மொழிபெயர்ப்பை நம்பாதீர்கள். ‘இதர ஹக்க’ என்ற கட்டத்தில்தான் விஷயம் ஒளிந்திருக்கும். விவசாய நிலமென்றால் 1948-ம் வருடத்துக் குத்தகைச் சட்டப்படி விவசாயி அல்லாதவர் கலெக்டர் அனுமதியில்லாமல் வாங்க முடியாது. வாங்கிய பிறகும் மா, பலா, புளி, நாவல் எதையும் நினைத்தபடி வெட்ட முடியாது. உங்கள் மரம்தான், ஆனால் 1964-ம் வருடச் சட்டம் குறுக்கே நிற்கும். மரங்களை நம்பி வந்தவர் மரத்தை வெட்டாமல் வீட்டின் வரைபடத்தை வளைப்பதே மேல் என்பது என் கட்சி.

பத்திரத்தில் ஆதிவாசி நிலம் என்றிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு ஒப்புதலுடன் கலெக்டர் அனுமதித்தால் ஒழிய, 1974 முதல் அதை ஆதிவாசி அல்லாதவர் வாங்க முடியாது. சாதாரணத் தொழிலாளியை ‘சொந்தக்காரர்’ ஆக்கி அவர் பெயரில் வாங்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக் காப்பியைக்கூடக் குடிக்காதீர்கள்.

பத்திரத்தில் எழுதாத ஒன்றும் இருக்கிறது. ராய்கட், தாணே மாவட்டங்களில் காத்கரிகள் என்ற ஆதிவாசிகள் வாழ்கிறார்கள். கருங்காலிக் கட்டையைக் காய்ச்சி வெற்றிலைக்கான காசு எடுத்ததால் வந்த பெயர். அவர்களுடைய ‘வாடி’ பல இடங்களில் பிறத்தியார் பட்டாவில் இருக்கிறது. தலைமுறைகளாக யாரும் எழுப்பாத அவர்களை, பண்ணை வீட்டுக்கு நல்ல விலை வந்ததும் நிலக்காரர் எழுப்பப் பார்க்கிறார். முள்வேலி விழுந்தால் ஓடைக்கும் விறகுக்கும் போகும் பாதை அடைபடும். 2006-ம் வருட வன உரிமைச் சட்டம் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தைப் பயிரிட்டு வாழும் ஆதிவாசிகளுக்கு உரிமை தருகிறது. தனியார் பட்டாவில் குடிசை போட்டவர்களுக்கு அது எந்த அளவு உதவும் என்பது வேறு விஷயம். மழைக்காலம் முடிந்ததும் அவர்களில் பலர் செங்கல் சூளைகளுக்குப் போகிறார்கள். நீங்கள் கட்டும் சுவரின் செங்கல் அங்கிருந்தும் வரலாம்.

அதனால் இடம் பார்க்கப் போகிறவர்கள் ஏஜெண்டின் காரில் திரும்பிவிடாமல், பக்கத்து வாடிக்கு நடந்து போய், தண்ணீருக்கு எந்த வழியாகப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பாதை உங்கள் ப்ளாட்டின் நடுவே ஓடினால், அதை விட்டுவிட்டு வேலி போட முடியுமா என்று அங்கேயே பேசி முடிவு செய்யுங்கள்.