வாரண்டி புத்தகத்தின் கடைசிப் பக்கம்

ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை சிம்லா மாவட்டத்தின் மேல்பகுதியில் ஒரே பேச்சுதான்: பெட்டி. எத்தனை பெட்டி இறங்கிற்று, பெட்டி என்ன விலைக்குப் போயிற்று, பெட்டி ஏற்ற வண்டி கிடைத்ததா? ஆப்பிள் தோட்டங்களுக்குப் போகும் மண்பாதைகளில் பெரிய லாரி ஏறாது. ஏறுவது பிக்கப்தான். தோட்டத்து வாசலில் பெட்டியை ஏற்றி, பராலா மண்டிக்கோ சிம்லாவுக்குப் பக்கத்திலுள்ள பட்டாகுஃபர் மண்டிக்கோ கொண்டுசேர்ப்பது அதன் வேலை. இந்த மூன்று மாதம் ஓடினால்தான் பாக்கி ஒன்பது மாதத்துக்கும் தவணை கட்ட முடியும். அந்தச் சமயம் பார்த்து ஒரு வண்டி படுத்துக்கொண்டால்?

ரோஹ்ருவுக்கு மேலே ஒரு கிராமத்தைச் சேர்ந்த பிக்கப்காரருக்கு அப்படித்தான் ஆனது. வண்டி வாங்கி ஒன்றரை வருடம். ஓடியது 38,000 கிலோமீட்டர். அவரே உரிமையாளர், அவரே டிரைவர். ஹாட்கோட்டியில் பள்ளத்தாக்கை விட்டு ஏறத் தொடங்கினால் கடாபத்தர் கணவாய் சுமார் 2,600 மீட்டர் உயரம். பிறகு கோட்காய் வழியாக தியோக் வரை வளைவுக்கு மேல் வளைவு. கணவாய்க்குச் சற்று முன்னால் மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்குகள் இரண்டு சேர்ந்து எரிந்தன. ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு மேல் போக மறுத்தது. பின்னால் 105 பெட்டி.

மறுநாள் காலி வண்டியை நூறு கிலோமீட்டருக்கு மேல் உருட்டிக்கொண்டு சிம்லா பக்கமுள்ள சர்வீஸ் சென்டருக்குப் போனார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்த சர்வீஸ் அட்வைசர் தீர்ப்பைச் சொல்ல பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "பாய் சாஹிப், புகை வடிகட்டி அடைத்துவிட்டது. முழுசா மாற்ற வேண்டும். கிளட்ச்சும் போய்விட்டது. வாரண்டி கிடைக்காது." மொத்தச் செலவு அவருடைய இரண்டு மாதத் தவணையைவிட அதிகம். வாரண்டி ஏன் கிடையாது என்பதற்கு மூன்று காரணம் சொன்னார்: போன சர்வீஸை வெளியே செய்திருக்கிறீர்கள், அதிக பாரம் ஏற்றுகிறீர்கள், பின்பக்கம் கூடுதலாகக் கமான் பட்டை போட்டிருக்கிறீர்கள்.

மூன்றும் உண்மை. சங்கடம் என்னவென்றால், மூன்றும் உண்மை என்பதாலேயே மூன்றும் பொருத்தமான காரணமாகிவிடாது.

முதலில் பாரத்தை எடுத்துக்கொள்வோம். இமாச்சல் அரசு 2024 சீஸனிலிருந்து கட்டாயமாக்கிய யுனிவர்சல் அட்டைப் பெட்டியில் சுமார் 20 கிலோ பழம் பிடிக்கும். 1.3 டன் ஏற்ற அனுமதிக்கப்பட்ட பிக்கப்பில் கணக்குப்படி 65 பெட்டி. இவர் ஏற்றியது 105. அதாவது 800 கிலோ அதிகம். தாங்க வேண்டுமே என்று பின் ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை. மலையில் இதைச் செய்யாத வண்டியைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் வாரண்டி புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் 'அளவுக்கு மீறிய பாரம்', 'கம்பெனி அனுமதிக்காத மாற்றங்கள்' என்ற இரண்டு வரி எல்லாக் கம்பெனிக்காரர்களும் போட்டிருப்பார்கள். வண்டியை டெலிவரி எடுக்கும்போது மாலையையும் லட்டுவையும் பார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. அது வேறு கணக்கு.

கிளட்ச் விஷயத்தில் பிக்கப்காரருக்கு வழக்கே இல்லை. கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், வைப்பர் ரப்பர், பல்பு, ஃபில்டர்கள் எல்லாம் தேயும் பொருட்கள். சாதாரண வாரண்டியில் அவை வருவதில்லை. டயரும் பாட்டரியும் அவற்றைச் செய்தவர்களின் பொறுப்பு. ஏற்றத்தில் வரிசை நகர்வதற்காகப் பாதி கிளட்ச்சில் வண்டியை நிறுத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால், 800 கிலோ கூடுதல் பாரத்தோடு எந்த பிளேட்டும் நாள் தாங்காது. அதை அவரும் மறுக்கவில்லை.

புகை வடிகட்டிதான் சுவாரஸ்யமான விஷயம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதிமுறை அமலுக்கு வந்தது. டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி வந்து உட்கார்ந்தது. பிடித்த கரியை அது அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் தொடர்ச்சியாக நல்ல வேகத்தில் ஓட வேண்டும். மண்பாதையில் முதல் கியரில் இரண்டு கிலோமீட்டர், நிறுத்தம், மறுபடி இரண்டு கிலோமீட்டர், பிறகு மண்டி வாசலில் இரவு முழுக்க இன்ஜினை அணைக்காமல் வரிசையில் காத்திருத்தல் என்று ஓடும் வண்டியில் கரி சேருமே தவிர எரியாது. எரியத் தொடங்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால், எரிப்பதற்காக இன்ஜின் கூடுதலாகச் செலுத்திய டீசலில் ஒரு பங்கு கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். பழைய மிஸ்திரிகளுக்கு இது புரியாத புதிர். ஆயில் குறையவில்லையே என்று சந்தோஷப்படுகிறார்கள்.

சுமையோடு மலை ஏறும்போது புகைக்குழாய் சூடாகத்தான் இருக்கும். வடிகட்டிக்கு அது நல்லதே. ஆகவே வடிகட்டி அடைத்ததற்கு 105 பெட்டியைக் குற்றம் சொல்வது பொருந்தாது. ஸ்பிரிங்கில் போட்ட பட்டைக்கும் புகைக்குழாய்க்கும் எந்த உறவும் இல்லை. மிஞ்சுவது ஆயில். அதில் சர்வீஸ் சென்டர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. இந்த வடிகட்டி உள்ள இன்ஜின்களுக்குச் சாம்பல் குறைவாக விடும் தனி வகை ஆயில் வேண்டும். கரியை எரிக்கலாம், ஆயிலின் ரசாயனங்கள் விட்டுப்போகும் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியிலேயே தங்கிவிடும். பிக்கப்காரர் சீஸன் நெருக்கடியில் சர்வீஸ் சென்டருக்குப் போக ஒரு நாள் ஒதுக்க முடியாமல், ஊர் மிஸ்திரியிடம் ஏதோ ஒரு டீசல் ஆயிலை மாற்றிக்கொண்டார். பில்லும் இல்லை. ஒருமுறை மாற்றிய ஆயிலில் ஒரு வடிகட்டியை அடைக்கும் அளவு சாம்பல் சேர்ந்துவிடாதுதான். ஆனால் டப்பாவின் பெயரைக்கூடச் சொல்ல முடியாதவர் எதை வைத்து வாதாடுவார்?

இந்த மாதிரி தகராறுகளில் பல வாடிக்கையாளர்கள் கேள்விப்படாத ஒரு உத்தரவு இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ல் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிச் சந்தைக்குக் கிடைக்காமல் செய்து தங்கள் டீலர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக்கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் விளைந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்று அதில் சொன்னது ஆணையம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அபராதம் சிலருக்குக் குறைந்தது, வழக்குகள் நீண்டன. அது கார்களைப் பற்றிய வழக்கு என்பதும் உண்மை. ஆனாலும் அந்தத் தர்க்கத்தை மறுப்பது எளிதல்ல: எந்தத் தவறு எந்தச் சேதத்தை உண்டாக்கியது என்று காட்ட வேண்டியவர் மறுப்பவர்தான்.

'வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி, நீங்கள் நுகர்வோரே அல்ல' என்பது அடுத்த பயமுறுத்தல். இதற்கும் பதில் பழையதே. 1995-ல் லக்ஷ்மி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் வழக்கில் - எதிர்த் தரப்பு கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் - உச்ச நீதிமன்றம் மனுதாரரின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆனால் போகிற போக்கில், பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஆட்டோவையோ லாரியையோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்று தெளிவாக்கியது. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சுயதொழில் பிழைப்புக்கு வாங்கியவருக்கு அந்த விலக்கைத் தருகிறது. மாவட்ட ஆணையத்தில் 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டாவது பிக்கப் வாங்கி அதற்குச் சம்பள டிரைவர் போட்டவரின் நிலைமை வேறு; அவர் வக்கீலைப் பார்க்காமல் இருப்பது நல்லதல்ல.

உதிரி பாகங்களின் கதையும் இதோடு ஒட்டியது. ஹோலோகிராம் ஒட்டிய கம்பெனிப் பெட்டியில் வருவதுதான் அசல், மற்றதெல்லாம் போலி என்று டீலரின் கவுன்ட்டரில் சொல்வார்கள். பாதி உண்மை. வண்டிக் கம்பெனி எதுவும் எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. சென்னை பாடியில் இயங்கும் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா போன்றவர்கள் வண்டிக் கம்பெனிகளுக்கும் கொடுக்கிறார்கள். தங்கள் பெயரிலேயே சந்தையிலும் விற்கிறார்கள். சந்தைப் பெட்டி பெரும்பாலும் விலை குறைவு. அதே சமயம் தில்லி காஷ்மீரி கேட் சந்தையில் கேட்ட பெயரில் பெட்டி அச்சடித்துத் தரும் ஆட்களும் இல்லாமல் இல்லை. சரியான வழி, பாகத்தின் எண்ணை வைத்துக் கேட்பதும், ஜிஎஸ்டி பில் போடாத கடையை விட்டு இறங்கிவிடுவதும்தான். வரியாவது குறைந்திருக்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம், 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28.

பில் ஏன் முக்கியம் என்பதற்கு டீசலே சாட்சி. இன்றைய இன்ஜின்களில் டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஊசிமுனைத் துளைகளின் வழியே பீய்ச்சப்படுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீரும் தலைமுடியைவிட மெல்லிய தூசும் போதும் இன்ஜெக்டரைக் காலி செய்ய. 'எரிபொருளில் கலப்படம்' என்று எழுதி வாரண்டியை மூடிவிடுவது சர்வீஸ் சென்டர்களுக்குச் சுலபம். ஃபில்டருக்கு அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பது ஐந்து நிமிட வேலை. பம்ப்பில் கொடுக்கும் துண்டுச் சீட்டை வைத்துக்கொள்ள அதுவும் தேவையில்லை. மலையில் இன்னொன்றும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். மிதித்த பெடல் பஞ்சுபோல் தரைக்குப் போகும். பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. மலை டிரைவர்களிடம் கேட்டால், அதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்களே குறைவு.

பிக்கப்காரர் சண்டை போடவில்லை. தங்கை மகன் சிம்லாவில் கல்லூரியில் படிக்கிறான். அவன் சொன்னபடி ஜாப் கார்டில் ஒரு வரி எழுதச் சொன்னார்: வாரண்டி எந்த விதியின்படி மறுக்கப்படுகிறது, வடிகட்டியில் இப்போது கரி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு? அட்வைசர் எழுத மறுத்தார். பையன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தான். மூன்றாம் நாள் கம்பெனி என்ஜினீயர் வந்தார். கம்ப்யூட்டரில் பார்த்தார். சாம்பல் கணக்கு சாதாரணம். கரிதான் அதிகம், அதுவும் எரிக்கக்கூடிய எல்லைக்குள். வண்டியை நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை வேகமாக ஓடவிட்டுக் கரியை எரிக்க கம்ப்யூட்டர் வழியே கட்டளை கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் விளக்கு அணைந்தது. பிறகு டீசல் கலந்த ஆயிலை வடித்துச் சரியான ஆயிலை ஊற்றினார்கள். ஆயிலுக்கும் கூலிக்கும் பில் போட்டார்கள். வடிகட்டி மாற்ற வேண்டியிருக்கவில்லை.

முதல் நாளே இதை ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு என்ஜினீயர் அட்வைசரைப் பார்த்தார். அட்வைசர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பாகம் விற்றால் லாபம், கரி எரித்தால் கூலி மட்டும் என்று சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. முதல் விளக்கு இரண்டு வாரமாகவே எரிந்துகொண்டிருந்ததை என்ஜினீயர் கம்ப்யூட்டர் பதிவிலிருந்து எடுத்துக் காட்டியபோது பிக்கப்காரரும் கூரையைப் பார்த்தார். அன்றே இருபது நிமிடம் நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் போதுமாம்.

கிளட்ச் அவர் செலவு. வண்டி நின்ற நான்கு நாள் வருமானத்துக்கும் ஈடு இல்லை. வருமான இழப்பு எந்த வாரண்டியிலும் வராது, அதுவும் கடைசிப் பக்கத்தில்தான் அச்சாகியிருக்கிறது. காசு கொடுத்து மாற்றிய பழைய கிளட்ச் பிளேட்டை மட்டும் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றி சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டார். வாரண்டியில் மாற்றும் பழைய பாகம் கம்பெனிக்கு; காசு கொடுத்து மாற்றினால் வண்டிக்காரருக்கு.

இப்போது டாஷ்போர்டுப் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அதில் டீசல் சீட்டு, ஆயில் பில், சர்வீஸ் புத்தகம். ஊர் மிஸ்திரியும் டப்பாவின் எண்ணை பில்லில் எழுதிக் கொடுக்கப் பழகிவிட்டார். பெட்டி எத்தனை ஏற்றுகிறார் என்று கேட்டால் "எண்பது" என்கிறார். 65 இல்லையா? சிரிக்கிறார். கூடுதல் கமான் பட்டையையும் கழற்றவில்லை. சீஸன் முடியட்டுமாம்.