கிழட்டுப் பொட்டிக்காக வாசக்கதவைக் கழட்டலாமா?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீசுல ஆணி ஜாஸ்தி. போன மாசம் ஊருக்குப் போனப்ப பார்த்த கூத்தை எழுதலைன்னா மண்டை வெடிச்சிடும், அதான் இந்தப் பதிவு. டெக்னிக்கல் சமாச்சாரம் கொஞ்சம் வரும், பாதியில ஓடிடாதீங்க மக்களே :-)

அப்பா ஊர்ல சின்னதா ஒரு அச்சகம் வெச்சிருக்கார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பில் புக், ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டிக் கேக்கற கண்ணீர் அஞ்சலி போஸ்டர். டிசைன் எல்லாம் 2005ல வாங்கின பொட்டியிலதான். விண்டோஸ் எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 2, பேஜ்மேக்கர், யூனிகோடுக்கு முந்தின தமிழ் எழுத்துருக்கள். பின்னாடி பேரலல் போர்ட்ல ஒரு டாங்கிள் சொருகியிருக்கும். அதைப் புடுங்கினா அந்தத் தமிழ் மென்பொருள் வாயே திறக்காது. இப்ப வர்ற லேப்டாப்புல அந்த போர்ட்டே கிடையாது. "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க"ன்னு சொல்ற அறிவுஜீவிகள் கொஞ்சம் ஓரமா நில்லுங்க. இருபது வருஷத்துக்கு முன்னாடி தன் கல்யாணத்துக்கு அடிச்சவர், இன்னிக்கு பொண்ணு சடங்குக்கு "அதே டிசைன்ல போட்டுடுங்கண்ணே"ன்னு வந்து நிக்கறார். ஃபைல் அந்தப் பொட்டியிலதான் இருக்கு.

நான் போன அன்னிக்கு அப்பாவோட புகார் வேற. "நூறு எம்பி கனெக்‌ஷன்னு காசு வாங்கினான், ஃபோன்ல வீடியோ சுத்திக்கிட்டே இருக்குடா." அளந்து பார்த்தா இருபதைத் தாண்டலை. ரவுட்டருக்குள்ள நுழைஞ்சு பார்த்தேன். தலை சுத்திடுச்சு. வைஃபை பாதுகாப்பு: டபிள்யூ.இ.பி!

கதை இதுதான். கனெக்‌ஷன் குடுக்க வந்த தம்பிகிட்ட "இந்தக் கம்ப்யூட்டர்லயும் வரணும்"னு அப்பா கேட்டிருக்கார். தம்பி ஒரு பழைய யூஎஸ்பி வைஃபை குச்சியைச் சொருகிப் பார்த்திருக்கார். சர்வீஸ் பேக் 2க்கு டபிள்யூ.பி.ஏ.2 தானா தெரியாது, தனியா ஒரு அப்டேட் போடணும், இல்லேன்னா 2008ல வந்த சர்வீஸ் பேக் 3க்குப் போகணும். அதெல்லாம் யாரு பண்றது? மொத்த வீட்டு வைஃபையையும் கிழவருக்குப் புரியற பாஷைக்கு இறக்கிட்டுப் போயிட்டார். பொட்டி ஏறி வரலை, ரவுட்டர் இறங்கி வந்துடுச்சு.

டபிள்யூ.இ.பி.யை உடைக்கற வழி 2001லயே ஆராய்ச்சிக் கட்டுரையா வந்தாச்சு. 2004ல தரநிர்ணயம் பண்ற ஐஇஇஇயே அதைக் கைவிட்டாச்சு. 2007ல ஜெர்மனியில டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்து ஆளுங்க மூணு பேரு ஒரு நிமிஷத்துக்குள்ள உடைச்சுக் காட்டினாங்க. அந்தப் பூட்டைப் போட்டா 802.11என் வேகமும் கிடைக்காது, 2003ல வந்த 802.11ஜி காலத்து 54 மெகாபிட்டுக்குப் போயிடும். அதுவும் பேப்பர்ல. கைக்கு வர்றது அதுல பாதிகூட தேறாது. வீடியோ சுத்தினதுக்குக் காரணம் அதுதான்.

பேங்க் ஆப்புக்குத் தனியா குறியாக்கம் இருக்கு, அது வரைக்கும் பிழைச்சோம். ஆனா கடைக்கு வர்றவங்க ஜெராக்ஸ் எடுக்க அனுப்பின ஆதார் கார்டெல்லாம் இன்னொரு கம்ப்யூட்டர்ல ஷேர் போட்ட ஃபோல்டர்ல கிடக்கு. தெருவுல நிக்கற எவனும் உள்ள வந்து எடுத்துக்கலாம். நம்ம கனெக்‌ஷன்ல எவனாவது எதையாவது பண்ணி வெச்சா, விசாரிக்க வர்றவங்க அப்பா பேரைச் சொல்லித்தான் கதவைத் தட்டுவாங்க. எக்ஸ்பி பொட்டி நிலைமை இன்னும் மோசம். மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல்லயே கைகழுவிட்டாங்க. 2017ல வான்னாக்ரை வந்தப்ப மனசு கேக்காம எக்ஸ்பிக்கும் ஒரு பேட்ச் விட்டாங்க, நம்ம பொட்டிக்கு அது போய்ச் சேரவே இல்லை.

சரி, இவ்வளவு தியாகம் பண்ணி என்ன கிடைச்சுது? "ஒரு பக்கமும் திறக்கலடா"ங்கறார் அப்பா. எப்படித் திறக்கும்? எக்ஸ்பியோட சொந்தச் சரக்கு டிஎல்எஸ் 1.0 தாண்டாது, 2020ல பெரிய பிரௌசர்கள் எல்லாம் அதைத் தலைமுழுகியாச்சு, முக்காவாசி தளங்கள் பேசவே பேசாது. "அப்ப அந்தத் தம்பி நெட் வருதுன்னு எதைக் காட்டினார்?"னு கேட்டேன். நீலக் கலர்ல ஒரு பக்கம் காட்டினாராம். பார்த்தா ரவுட்டரோட லாகின் பக்கம். அவ்வ்வ்வ்...

இதுல என் கட்சி இதுதான். பழைய பொட்டியைக் குத்தம் சொல்லாதீங்க, அது தன் வேலையை ஒழுங்கா செய்யுது. ஆனா அதுக்காக நெட்வொர்க்கைக் கீழ இறக்காதீங்க. நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளரை வைங்க. கேபிள் இழுக்க முடிஞ்சா அதுதான் உத்தமம். எங்க வீட்டுல முன்கடைக்கும் பின்ரூமுக்கும் நடுவுல ஆஃப்செட் மெஷின், அதுக்கு அடியில எலி. ரெண்டு தடவை கேபிளைக் கடிச்சு வெச்சிருக்கு. அதனால என் ரூம்ல தூங்கிட்டிருந்த பழைய ரவுட்டர் ஒண்ணைக் கொண்டாரச் சொல்லி, கிளையன்ட் மோடுல போட்டேன். வைஃபை பக்கம் அது டபிள்யூ.பி.ஏ.2 பேசும், பொட்டி பக்கம் சாதா ஈத்தர்நெட். எக்ஸ்பிக்கு ஈத்தர்நெட் தண்ணி பட்ட பாடு. டிரைவர் தேடற வேலையே இல்லை.

அப்புறம் உட்கார்ந்து யோசிச்சா, அப்பாவுக்கு அந்தப் பொட்டியில இன்டர்நெட்டே தேவையில்லை. வாட்ஸப்புல ஃபோட்டோ வரும், அது பேஜ்மேக்கருக்குப் போகணும். முடிஞ்ச பிடிஎஃப் ஃபோனுக்கு வரணும். அவ்வளவுதான். எக்ஸ்பியில ஐபி முகவரியும் சப்நெட் மாஸ்க்கும் மட்டும் குடுத்துட்டு, கேட்வே, டிஎன்எஸ் ரெண்டையும் காலியா விட்டுட்டேன். வீட்டுக்குள்ள யார்கூட வேணும்னாலும் பேசும், தெருவுக்குப் போக வழி தெரியாது. ஃபோன்ல ஒரு எஃப்டிபி சர்வர் ஆப், அந்த முகவரிக்கு டெஸ்க்டாப்ல ஒரு ஷார்ட்கட். பேரு "ஃபோன்". ஃபோனோட ஐபி மாறிட்டே இருந்தா அப்பா திட்டுவார்னு ரவுட்டர்லயே அதை நிரந்தரமாக்கி வெச்சாச்சு. வீட்டுக்குள்ள வேற பொட்டிக்கு வைரஸ் வந்தா இதுக்கும் ஒட்டும், இல்லைன்னு சொல்லலை. எவனெவனோ கொண்டு வர்ற பென்டிரைவைச் சொருகறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அன்னிக்கு ராத்திரியே ஒரு கண்ணீர் அஞ்சலி வந்துச்சு. ஃபோட்டோ பத்து செகண்டுல பொட்டிக்குள்ள இருந்தது. மூலையில ரெண்டு குட்டி மானிட்டர் மினுக்கறதைப் பார்த்துட்டு அப்பா கேட்டார்:

"நெட் வந்துருச்சாடா?"

"இல்லப்பா, எடுத்துட்டேன்."

"அப்புறம் எப்படிடா படம் வந்துச்சு?"

விளக்கறதுக்குள்ள போஸ்டருக்கு ஆள் வந்துட்டாங்க. டாங்கிளைப் பத்தி நினைச்சாதான் இன்னும் வயித்தைக் கலக்குது. பேரலல் போர்ட் டாங்கிளை வர்ச்சுவல் மெஷின்ல ஓட்டிப் பார்த்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா, புண்ணியமாப் போகும்.