ஃபுல் லோடில் மலைப்பயணம்: மைலேஜும் வேண்டும், இன்ஜினும் பத்திரமாக இருக்க வேண்டும் - என்ன வழி?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஏழு பேர், கூரை கேரியரில் பெட்டிகள் என உற்சாகமாகக் கிளம்புகிறது கார். மறுநாள் காலை மலை ஏறும்போதுதான் அது திணற ஆரம்பிக்கிறது. ஏற்காட்டுக்கு 20, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில், “ஏ.சி.யை ஆஃப் பண்ணுப்பா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது” என்று ஒரு குரல் கேட்கும்.

வெளிநாடுகளில் கூடுதல் சுமையை டிரெய்லரில் ஏற்றி, காரின் பின்னால் பூட்டி இழுக்கிறார்கள். நம்மூரில் அதே சுமை காருக்குள்ளும் கூரை மீதும் ஏறுகிறது. எப்படி ஏற்றினாலும் இன்ஜினுக்குக் கூடுதல் வேலை, கூடுதல் வெப்பம். இதில் எரிபொருளை எங்கே மிச்சப்படுத்தலாம், எங்கே மிச்சம் பார்க்கவே கூடாது என்பது முக்கியம்.

கிளம்பும் முன்

ஆளுக்கு 70 கிலோ என்றால் ஏழு பேருக்கே 490 கிலோ. லக்கேஜ் தனி. கார் தாங்கும் மொத்த எடையும், கூரையில் ஏற்றக்கூடிய எடையும் கையேட்டில் இருக்கும். கனமான பெட்டிகளை கூரையில் ஏற்றாமல், பின்சீட்டை ஒட்டித் தரைமட்டத்தில் வைப்பது நல்லது.

டயர் காற்றழுத்தமும் அப்படித்தான். டிரைவர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில், பல கார்களில் முழுச் சுமைக்கான அளவு தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கும். காற்று குறைந்த டயர் சூடாகும், எரிபொருளையும் கூடுதலாகக் குடிக்கும்.

சமவெளியில்தான் சேமிப்பு

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுகிறது. மணிக்கு 80 கி.மீ.யில் போகும் கார் 100 கி.மீ.க்கு மாறினால், காற்றின் எதிர்ப்பு சுமார் 56 சதவீதம் அதிகமாகும். கூரையில் பெட்டிகள் இருந்தால் இன்னும் மோசம். ஆகவே, நெடுஞ்சாலையில் சீராக 80-ல் போவதும், டிரிப் முடிந்ததும் கேரியரைக் கழற்றிவிடுவதும் செலவில்லாத சேமிப்பு.

ஏற்றத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

‘பெரிய கியரில் போனால் மைலேஜ் கிடைக்கும்’ என்ற கணக்கு ஏற்றத்தில் செல்லாது. கார் உதறினாலோ, இன்ஜினில் ‘டக் டக்’ சத்தம் வந்தாலோ உடனே கியரைக் குறைக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மேலும் மிதிப்பது இன்ஜினைத்தான் வதைக்கும். ஆட்டோமேட்டிக் கார்களில் மேனுவல் மோடையோ ‘எல்’ நிலையையோ பயன்படுத்தலாம்.

டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டால் இன்ஜின் வெப்பம் கொஞ்சம் வெளியேறும். வியர்த்துக் கொட்டும்தான், ஆனால் இன்ஜினுக்கு நல்லது. முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறும்வரை காத்திருப்பதுதான் வழி. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

இறக்கத்தில் நியூட்ரல்?

“நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்” என்பது இன்றும் பலர் சொல்லும் அறிவுரை. இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களுக்கு அது பொருந்தாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். எரிபொருள் பாய்வது பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில் விட்டாலோ, இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும்.

ஆபத்து அதைவிடப் பெரியது. நியூட்ரலில் முழுச் சுமையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகி, கருகல் வாடை வரும். ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. ஆகவே, எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய டிரைவர்களின் பாடமே இன்றைக்கும் சரி.

கூலன்ட், பிரேக், டயர் மூன்றையும் முந்தைய நாளே பார்த்துவிட ஒரு மணி நேரம் போதும். அதன் பிறகும் எடை வரம்பைத் தாண்டுகிறது என்றால், இரண்டு பேர் பஸ்ஸில் வருவதில் தவறொன்றும் இல்லை.