‘டி’யில கிடக்கு, பயமில்லை

இந்த வசனத்தை நாங்கள் எல்லாருமே ஒருக்காவது சொல்லியிருப்போம். விண்டோஸ் இழுபடுகிறது, கொம்பியூட்டரைக் கடைக்குக் கொண்டுபோக வேணும். “உள்ளுக்க கிடக்கிற படமெல்லாம் என்ன செய்யிறது?” என்று அம்மா கேட்பா. “டியில கிடக்கம்மா, பயமில்லை.”

போன வருசம் ஆய்வேட்டு வேலைக்காக நாங்கள் நாலு பேர் ஒரு அண்ணாவியாரிடம் போய் வந்தோம். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். வயசு எண்பதுக்குக் கிட்ட. தனக்குத் தெரிந்த கூத்து ஒன்றை வரவில இருந்து மங்களம் வரைக்கும் திண்ணையில இருந்தே படித்துக் காட்டினார். விருத்தம், தரு, கொச்சகம் எல்லாம். இடையில இருமல் வரும், தேத்தண்ணி குடிப்பார், “இந்த இடத்தில மத்தளம் இப்பிடிப் போகும்” என்று துடையில தட்டிக் காட்டுவார். எல்லாமாய்ப் பதினொரு மணித்தியாலத்துக்கு மேல. போனில் இடம் போதாததால் ஒவ்வொரு ஞாயிறு இரவும் பதிவுகளை எங்களில் ஒருத்தியின் வீட்டுக் கொம்பியூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிடுவோம். அவளுக்கு இதில நல்ல ஒழுங்கு. சியில போடமாட்டாள். டி டிரைவில் தனிப் போல்டர், திகதி போட்ட பெயர்.

ஒரு நாள் கரண்ட் போய்ப் போய் வந்தது. அதற்குப் பிறகு கொம்பியூட்டர் எழும்பவில்லை. பெட்டிக்குள்ளே ‘டிக்... டிக்...’ என்று ஒரு சத்தம். கடை அண்ணை காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஹாட் டிஸ்க் போட்டுது தங்கச்சி.” “சிதானே அண்ணை? எங்கட எல்லாம் டியில.” அவர் சிரிக்கவில்லை, பாவம். “ரெண்டும் ஒரே டிஸ்க்தான்.”

இது எங்களுக்குத் தெரியாத விசயமா? சாதாரண தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்த யாரைக் கேட்டாலும் பார்ட்டிஷன் என்றால் என்னவென்று சொல்லுவினம். ஒரே காணிக்கு நடுவில போட்ட வேலி. வேலி போட்டதால காணி இரண்டாகிவிடாது, வெள்ளம் வந்தால் இரண்டு பக்கமும்தான் வரும். தெரிந்துகொண்டே நம்பினோம். ஏனென்று யோசித்தால், கடைக்காரர்கள் எங்களுக்குப் பழக்கிவிட்டது அது. “சியை மட்டும் அடிக்கிறன், முக்கியமானதை டியில போட்டு வையுங்கோ.” அந்த அறிவுரை பிழையில்லை. விண்டோஸ் பழுதானால் டி தப்பும். ஆனால் டிஸ்க்கே செத்தால், பெட்டியை ஆராவது தூக்கிக்கொண்டு போனால், கூரை ஒழுகினால், வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் காசு கேட்டால், டிக்கும் சிக்கும் ஒரே கதிதான். அதுவும் போக, எங்களில் பாதிப்பேர் ஒழுங்காய் டியில கூடப் போடுவதில்லை. டெஸ்க்டொப்பில் கிடக்கிற பைல் சியில்தான் இருக்கிறது என்பது கனபேருக்கு, போர்மட் அடித்து முடிந்த பிறகுதான் விளங்கும்.

டிஸ்க்கைக் கொழும்புக்கு அனுப்பினால் எடுக்கப் பார்க்கலாம் என்றார்கள். கேட்ட தொகை எங்கள் நாலு பேரின் மஹாபொலவையும் சேர்த்தாலும் எட்டாது, அதிலும் வருமென்ற உத்தரவாதம் இல்லை. விட்டுவிட்டோம்.

இதில் எங்களுக்குக் கூச்சமாய் இருப்பது வேறொன்று. ஒவ்வொரு வருசமும் மே 31 இரவு நாங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிகிற படத்தைப் போடுகிறோம். 1981, ஏறத்தாழ 97,000 புத்தகங்கள், வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் என்று எழுதுகிறோம். எழுதத்தான் வேணும். ஆனால் அந்த ‘பிரதி இல்லாத’ என்ற சொல்லை நாங்கள் ஒருநாளும் எங்களை நோக்கித் திருப்பிப் பார்க்கவில்லை. எரித்தவன் குற்றவாளி, அதில் மாற்றுக் கதை இல்லை. எங்கட டிஸ்க்கை ஆர் எரித்தது? ஆவணப்படுத்தல் பற்றிக் கருத்தரங்கு வைக்கிற எங்கட தலைமுறையின் ஆவணங்கள், ஒவ்வொரு வீட்டு மேசைக்குக் கீழேயும் ஒற்றைப் பிரதியாய்த் தூசு பிடித்துக் கிடக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் அடுத்த நாள் பரீட்சைக்கு நூல் தேடாத கலைப்பீட மாணவர் குறைவு. அவர்கள் ஸ்கான் பண்ணித் தருவதைப் பதிவிறக்கத் தெரிந்த எங்களுக்கு, நாங்கள் சேர்த்ததை இரண்டாம் பிரதி எடுக்கத் தெரியவில்லை.

‘கிளவுட் இருக்குத்தானே’ என்பவர்களுக்கு: 2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல்களில் மே 17 தொடக்கம் அந்த நாள் வரையான காலத்துத் தரவுகள் போய்விட்டன. அந்த மூன்று மாதத்துக்கும் தனியே கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை. நாட்டுக்கே அப்படியென்றால் எங்களுக்கு எம்மாத்திரம்! கூகிள் தருகிற 15 ஜிபியும் மெயில், படம், வட்ஸ்அப் என்று நிரம்பி வழிகிறது. அதைவிட முக்கியம், ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகிள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்தான் வைத்திருக்கும். பிழையாய் அழித்ததை இரண்டு மாதம் கழித்துக் கண்டுபிடிக்கிற எங்களைப் போன்ற ஆட்களுக்கு அது உதவாது.

டேட்டாவை மட்டும் காப்பாற்றினால் காணுமா என்றும் ஒரு சண்டை எங்களுக்குள் நடந்தது. “விண்டோஸைத் திரும்ப அடிக்கலாம், சியை ஏன் காப்பாற்றவேணும்?” என்றான் ஒருத்தன். அவனுக்குப் பதிலாய் வந்தது பாமினி. இன்னொருத்தியின் அப்பா ஒரு சனசமூக நிலையத்தின் அறிக்கைகளை இருபது வருசமாய்ப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். பைல்கள் எல்லாம் பென் டிரைவில் பத்திரம். புது லப்டொப்பில் திறந்தால் ‘அம்மா’ என்று இருக்கவேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கிறது. பைல் இருக்கிறது, வாசிக்க ஏலாது. பாமினியைத் தேடிப் போட்டுவிடலாம், அது பரவாயில்லை. அதற்கும் பழைய பேஜ்மேக்கர் பைல்களை எதில் திறப்பது? அதைத் திறக்கத் தெரிந்த ஒரே கொம்பியூட்டரின் சி டிரைவைத்தான் அவர்கள் ‘ஸ்லோவாய்க் கிடக்கு’ என்று அடித்துவிட்டார்கள்.

ஆகவே இரண்டும் வேணும், ஆனால் இரண்டும் வேறு வேறு மாதிரி. சியைப் பைல் பைலாய்க் கொப்பி பண்ணி ஒரு பிரயோசனமும் இல்லை, அப்படி எழும்பாது. முழு டிரைவையும் ஒரு படமாய் எடுக்கவேணும், அதைத்தான் சிஸ்டம் இமேஜ் என்கிறார்கள். விண்டோஸின் கண்ட்ரோல் பனலுக்குள் ‘பேக்கப் அன்ட் ரிஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்ற பழைய பெயரிலேயே அந்த வசதி கிடக்கிறது. குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து கொம்பியூட்டரை எழுப்பியும் எடுக்கலாம். திரை முழுக்கக் கறுப்பு நீலமாய்ப் பயங்காட்டும், எந்த டிஸ்க்கில் இருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மாறிக் குடுத்தால் உள்ளதும் போகும். முதல் தரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்திருங்கள். இதை வருசத்தில் இரண்டு மூன்று தரம் எடுத்தால் போதும். எடுத்த இமேஜைத் தயவுசெய்து அதே டிஸ்க்கின் டியில் வைக்காதீர்கள். (நாங்கள் வைத்தோம்.) ஒரு கொம்பியூட்டரின் இமேஜ் இன்னொன்றில் ஒழுங்காய் ஓடுமென்றும் நம்ப ஏலாது. அதனால் எழுத்துரு, மென்பொருட்களின் இன்ஸ்டோலர் எல்லாவற்றையும் தனிப் போல்டராய் டேட்டாவோடு சேர்த்து வைத்திருப்பது நல்லம்.

டேட்டாவுக்குப் பீற்றர் குரோக் என்ற புகைப்படக்காரர் சொன்ன 3-2-1 கணக்கு இலகுவானது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வெளி டிஸ்க்கைச் செருகி, கொப்பி பண்ணி, கழற்றி அலுமாரியில் வைக்கவேணும். கழற்றுவதுதான் முக்கியம். செருகியபடியே கிடந்தால் வைரஸுக்கும் இடிமின்னலுக்கும் அது இன்னொரு டி டிரைவ்தான்.

பிறகு ஒருக்கால் திறந்து பார்க்கவேணும். 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டோய் ஸ்டோரி 2’ வேலை நடந்துகொண்டிருந்தபோது ஆரோ தவறாய் இட்ட ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. பேக்கப்பைத் தேடினால் அது ஒழுங்காய் வேலை செய்யவில்லை, ஒருத்தரும் அதுவரை கவனிக்கவும் இல்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கொம்பியூட்டரில் கிடந்த பிரதிதான் காப்பாற்றியது. கொம்பனி வைத்திருந்த பேக்கப்பைவிட ஒரு தாயின் வீட்டு மேசை உதவியிருக்கிறது!

செலவுதான் பெரிய தடை, ஒத்துக்கொள்கிறோம். புது டிஸ்க் ஒன்று வாங்க மஹாபொலவை மாதக்கணக்கில் சேர்க்கவேணும், இடையில சாப்பாடும் இருக்கு. நாங்கள் நாலு பேரும் காசு போட்டு இரண்டு டிஸ்க் வாங்கினோம். ஒன்று ஒருத்தியின் வீட்டில், மற்றது இன்னொருத்தனின் வீட்டில், இரண்டுக்கும் இடையில் பதினெட்டுக் கிலோமீற்றர். மாதத்தில் ஒரு தரம் மாற்றிக்கொள்வோம்.

மாற்றிக்கொள்கிறபோதுதான் அடுத்த பிரச்சினை வந்தது. எங்கட சொந்தப் படங்கள், குடும்ப விசயங்கள் இன்னொருத்தரின் வீட்டு அலுமாரியில். அதைவிட, சிலர் எங்களை நம்பிச் சொன்ன யுத்தக்காலக் கதைகளும் அதற்குள் இருக்கின்றன. பெருகப் பெருகப் பிரதி பாதுகாப்பு என்றால், பெருகப் பெருக ஆபத்தும்தான். வெராகிரிப்ட் போட்டுப் பூட்டினோம். பூட்டின கடவுச்சொல்லை மறந்தால் அதுவும் செத்த டிஸ்க்தான் என்பதால் அதைக் கடதாசியில் எழுதி வைத்திருக்கிறோம். ஒரு அம்மா தன் பதிவை அழிக்கச் சொன்னார். எல்லாப் பிரதியிலும் தேடித் தேடி அழித்தோம். எல்லாவற்றையும் காப்பாற்றத்தான் வேணுமா என்பதில் நாங்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அண்ணாவியாரிடம் போய் விசயத்தைச் சொல்ல எங்களுக்கு மூன்று கிழமை எடுத்தது. ஏசுவார் என்று நினைத்தோம். அவர் உள்ளே போய் ஒரு கொப்பியை எடுத்து வந்தார். சிஆர் கொப்பி, பிரவுண் கடதாசி உறை, நீலப் பேனையால் முழுக் கூத்தும். “இது மூண்டாவது,” என்றார். தன்ர அண்ணாவியாரின் கொப்பியைப் பார்த்து எழுதியது முதலாவது. அது தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் போய்விட்டது. ஆனால் அதைப் பார்த்துத் தம்பிக்காரன் எழுதியது வேறொரு ஊரில் இருந்திருக்கிறது. அதைப் பார்த்து மறுபடி எழுதினார். தாள் மக்கத் தொடங்க இன்னொருக்கால் எழுதினார். “ஒண்டு இஞ்ச, ஒண்டு மகள் வீட்டில. நீங்கள் படிச்ச பிள்ளையள், ஏன் ஒண்டோட விட்டனீங்கள்?”

சொல் அவரிடம் இருக்கிறது. எங்களிடம் இல்லாமல் போனது குரல். திரும்பப் படிக்கச் சம்மதித்தார், ஆனால் மூச்சு முன்னைப்போல் இல்லை. அண்டைக்கு இழுத்துப் படித்த விருத்தத்தை இப்போது பாதியில் நிறுத்திவிட்டு வாசித்துக் காட்டுகிறார். இதுவரை மூன்று ஞாயிறு முடிந்திருக்கிறது. மூன்றும் மூன்று இடத்தில் இருக்கின்றன, போன கிழமை திறந்தும் பார்த்தோம், கேட்கிறது.